ஹிமாலயன் 411: பின் ஷாக்கை மாற்றிய பிறகு

ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 வைத்திருப்பவர்கள் நான்கு பேர் கூடினால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் பின் ஷாக்கில், அதாவது பின் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில், வந்து நிற்கும். மாற்றலாமா, எதை வாங்கலாம், கொடுக்கிற காசுக்குத் தகுமா என்று என்னிடமும் பலர் கேட்டிருக்கிறார்கள். நான் மாற்றி வெகுநாள் ஆகிறது. சேலத்தைச் சுற்றியுள்ள மலைச் சாலைகளில் அடிக்கடி ஓட்டுகிறேன். இந்த ஷாக்குடன் இமாச்சலின் ஸ்பிதி பள்ளத்தாக்கு வரை போய் வந்திருக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாற்றியதில் எனக்கு முழுத் திருப்தி. ஆனால் கிடைத்த பலனில் பெரும்பகுதிக்குக் காரணம், என் எடைக்கும் சுமைக்கும் பொருந்திய ஸ்பிரிங்தான். கம்பெனிப் பெயரும் விலையும் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

2016இல் வந்த இந்த வண்டியில் முன் சக்கரம் 200 மில்லிமீட்டரும் பின் சக்கரம் 180 மில்லிமீட்டரும் மேலும் கீழும் போய்வர இடம் உண்டு. பின்னால் ஒற்றை மோனோஷாக், அதைச் சக்கரத்தோடு இணைக்க லிங்கேஜ் என்ற நெம்பு இணைப்பு. ஷாக்கில் நாம் மாற்றக்கூடியது பிரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கி வைக்கும் அளவு, ஒன்றுதான். தனியாக ஓட்டியவரை எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. குண்டும் குழியுமான சாலையில் இந்த வண்டி தரும் சொகுசு அதன் விலைக்குப் பெரிய விஷயம் என்றே இன்றும் நினைக்கிறேன். சிக்கல் ஆரம்பித்தது, மனைவியும் உடன் வரத் தொடங்கி, இருபக்கமும் இரும்புப் பெட்டிகள் ஏறிய பிறகு. ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் எல்லாம் சேர்த்து என் எடை 90 கிலோ. பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிக்கு ஏற்ப வந்த வண்டியே 199 கிலோ. அதன்மேல் இன்னொருவரும் பெட்டிகளும் என்றால் எந்த ஸ்பிரிங்குக்கும் அது வேறு வேலை. வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் பின்பக்கம் அடிவரை போய் முட்டியது. இரவில் முகப்பு விளக்கின் வெளிச்சம் சாலையை விட்டு மரக்கிளைகளுக்கு ஏறியது.

உடனே புது ஷாக் வாங்கத் துடிப்பவர்கள் முதலில் லிங்கேஜைப் பிரித்துப் பாருங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கு அடியில், சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருக்கிறது அது. என் வண்டியில் போல்ட்டை உருவியபோது அதன் நடுப்பகுதியில் பழுப்பு நிறத் துரு வளையமாகப் படிந்திருந்தது. உள்ளே ஊசி போன்ற சிறு உருளைகள் கொண்ட பேரிங். அவற்றில் சில விரலால் தள்ளினால்கூடச் சுழலவில்லை. கிரீஸ் இருந்த இடத்தில் மஞ்சள் நிறக் குழம்புதான் மிஞ்சியிருந்தது. வண்டி கழுவும் கடைகளில் அழுத்தமாகப் பீய்ச்சும் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். கிரீஸ் வெளியேறும், தண்ணீர் தங்கும். மண்ணெண்ணெயில் கழுவி, சுழலாத பேரிங்கை மாற்றி, புது கிரீஸ் வைத்து மாட்டியதும் சிறு பள்ளங்களில் இருந்த வறட்டு அதிர்வு உடனே குறைந்தது. பாதி நோய் அங்கேயே தீர்ந்தது. பிடித்துக்கொண்ட லிங்கேஜோடு எவ்வளவு விலையுயர்ந்த ஷாக்கை மாட்டினாலும் அது வேலை செய்யாது.

மீதிப் பாதி ஸ்பிரிங். அது தனக்குப் பொருந்துகிறதா என்று கண்டுபிடிக்க ஒரு டேப்பும் இரண்டு நண்பர்களும் போதும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, அச்சிலிருந்து நேர் மேலே வண்டியின் உடலில் ஒரு புள்ளி குறித்து, இடைவெளியை அளக்க வேண்டும். பிறகு வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி அதே இடைவெளி. அதன்பின் முழு உடையோடு நாம் ஏறி உட்கார்ந்து மறுபடியும். முதல் அளவுக்கும் மற்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அமுங்கல். ஷாக்கின் நீளத்தை அளக்கக் கூடாது. லிங்கேஜ் இருப்பதால் சக்கரம் நகரும் தூரத்தில் ஒரு பகுதிதான் ஷாக் நகரும். உராய்வால் வண்டி நிற்கும் உயரமும் ஏமாற்றும். ஒருமுறை மெல்லத் தூக்கி விட்டும், ஒருமுறை மெல்ல அழுத்தி விட்டும் அளந்து சராசரி எடுப்பது நல்லது.

ஓட்டுநரோடு சேர்த்த அமுங்கல், சக்கரம் நகரும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் இருக்கலாம். 180 மில்லிமீட்டருக்கு அது 54. வண்டி தன் எடையில் மட்டும் 15 முதல் 25 மில்லிமீட்டர் வரை அமுங்க வேண்டும். பழைய ஸ்பிரிங்கில் பிரீலோடைக் கடைசிப் படிவரை ஏற்றியபோது என்னுடன் 50 வந்தது. பார்ப்பதற்குச் சரியான அளவு. ஆனால் வண்டி மட்டும் நின்றபோது அமுங்கல் வெறும் 5. பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஓட்டுநரோடு அளவு சரியாக இருந்து, தனி வண்டிக்கு ஏறத்தாழ ஒன்றுமே இல்லையென்றால் ஸ்பிரிங் அந்த எடைக்கு மென்மையானது. பிரீலோடால் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம் என்று பொருள். பிரீலோடு உயரத்தை மாற்றும். ஸ்பிரிங்கின் வலிமையைக் கூட்டாது. மனைவியும் பெட்டிகளும் சேர்ந்தபோது அமுங்கல் 100 மில்லிமீட்டர். பள்ளம் வருவதற்கு முன்பே பாதிக்கும் மேல் தீர்ந்துபோயிருந்தது.

வாரண்டி முடியும்வரை காத்திருந்துதான் மாற்றினேன். தாய்லாந்தின் ஒய்எஸ்எஸ் தயாரிப்பு. நைட்ரஜன் வாயு அடைத்தது, ரீபவுண்டை, அதாவது அமுங்கிய ஷாக் மீண்டும் எழும்பும் வேகத்தை, கிளிக் கிளிக்காக மாற்றலாம், பிரீலோடுக்குத் திருகு வளையம். என் எடை விவரங்களைக் கொடுத்து, அதற்கேற்ற ஸ்பிரிங்குடன் வரவழைத்தேன். விலை, வண்டியோடு வந்த ஷாக்கைப் போலப் பல மடங்கு. மாட்டுவது பட்டறையில் ஒரு காலைப் பொழுதின் வேலை.

இப்போது அமுங்கல், வண்டி மட்டும் நின்றால் 20, நான் ஏறினால் 50. இருவரும் பெட்டிகளும் என்றால் வளையத்தை இறுக்கிய பிறகு 75 வருகிறது. அது சற்று அதிகம்தான். இன்னும் கடினமான ஸ்பிரிங் போட்டால் தனியாக ஓட்டும்போது முதுகு வாங்கிவிடும் என்பதால் இந்தச் சமரசத்தை விரும்பியே ஏற்றேன்.

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இருவராக ஏறும்போது முன்பெல்லாம் வளைவின் பாதியில் ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். முன் சக்கரம் கனமிழந்து, வண்டி நான் நினைத்த கோட்டை விட்டு அரை அடி வளைவின் வெளிப்பக்கமாக ஒதுங்கப் பார்க்கும். மேலேயிருந்து பஸ் இறங்கி வரும் வளைவில் அந்த அரை அடி எவ்வளவு முக்கியம் என்று அந்தப் பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இப்போது பார்த்த இடத்தில் வண்டி திரும்புகிறது. வேகத்தடைகளில் முட்டல் போய்விட்டது. நான் சொல்வதைவிடப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சொல்வதுதான் சரியான மதிப்பீடு. மலைமேலுள்ள செம்மேட்டில் இறங்கியதும் முதுகைப் பிடித்துக்கொண்டு நடப்பது நின்றது என்கிறார் என் மனைவி.

ரீபவுண்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். புது ஷாக் வாங்கியவர்கள் அந்தத் திருகைத்தான் ஆசை ஆசையாகத் திருப்புகிறார்கள். அமுங்கிய ஸ்பிரிங் எவ்வளவு வேகமாக மீண்டும் எழும்ப வேண்டும் என்பதை அது தீர்மானிக்கிறது. மிகவும் தளர்த்தினால் வேகத்தடையைத் தாண்டியதும் பின்பக்கம் துள்ளும். மனைவி இருக்கையிலிருந்து எழும்பி விழுவார். மிகவும் இறுக்கினால் வேறொரு கேடு. வாழப்பாடியிலிருந்து கருமந்துறைக்குப் போகும் வழியில் அடுத்தடுத்து ஒட்டுப்போட்ட தார்ச் சாலை வரும். முதல் குழியில் அமுங்கிய ஷாக் முழுதாக எழும்புவதற்குள் இரண்டாவது, அதற்குள் மூன்றாவது. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்து, நான்கைந்து குழிகளில் ஷாக் மரக்கட்டையாகிவிடுகிறது. இதை அனுபவிப்பவர்கள் ஸ்பிரிங் கடினம் என்று நினைத்துப் பிரீலோடைக் குறைப்பார்கள். நிலைமை இன்னும் மோசமாகும். ரீபவுண்டை இரண்டு கிளிக் தளர்த்தியதும் அதே சாலையில் எனக்குச் சரியாகிவிட்டது. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டிப் பார்த்து, குறித்து வையுங்கள். முழுதாக மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் திறந்திருக்கிறது என்று எண்ணுவதே வழக்கம்.

சூடும் கணக்கில் சேரும். ஷாக்கின் வேலையே ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெயில் சூடாக மாற்றிவிடுவதுதான். சூடான எண்ணெய் இளகும். அதில் குமிழி கலந்தால் பிடிமானமே போய்விடும். அந்தக் குமிழியைத் தடுக்கத்தான் நைட்ரஜன் அழுத்தம். ஸ்பிதி பயணத்தில் குன்சும் கணவாயைத் தாண்டிப் பாத்தலிலிருந்து கிராம்பூ வரை, சந்திரா ஆற்றை ஒட்டிப் போகும் தடத்தில் நான் போனபோது சாலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. உருண்டைக் கற்களும், அவற்றின் மேல் ஓடும் பனி நீரும்தான். மணிக்கணக்கில் ஓயாமல் ஷாக் வேலை செய்யும் இடம் அது. அங்கே கடைசிவரை பின்பக்கம் தளராமல் இருந்ததுதான் எனக்கு மிகப் பெரிய நிம்மதி. ஸ்பிதியில் உள்ள காஸாவின் அதிகாலைக் குளிரில் மட்டும் எண்ணெய் கெட்டிப்பட்டு முதல் சில கிலோமீட்டர் விறைப்பாக இருக்கும். ஓட ஓடச் சரியாகிவிடும்.

தனி எண்ணெய்க் குடுவை வைத்த ஷாக் தேவையா என்றும் கேட்கிறார்கள். எண்ணெயின் அளவு கூடுவதால் சூட்டைத் தாங்கும், உண்மை. ஆனால் நம் ஊர் மலைகளுக்கும் ஆண்டுக்கொரு நெடும்பயணத்துக்கும் அதற்கான பணத்தைக் கொடுக்க மாட்டேன். அந்தப் பணத்தைக் கையால் திருகிப் பிரீலோடு மாற்றும் ஹைட்ராலிக் குமிழுக்குக் கொடுப்பேன். தனியாகவும் இருவராகவும் மாறி மாறி ஓட்டுபவருக்கு அது தினமும் உதவும். திருகு வளையம் உள்ள எந்த ஷாக்கிலும் மரையில் சேறு காய்ந்துவிட்டால் ஸ்பானரோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்த பிறகே சுற்ற வேண்டும்.

சுமையோடு பின்பக்கம் முன்பைவிட உயர்ந்து நிற்பதால் வேறு சில மாற்றங்களும் வந்தன. ஸ்டீயரிங் முன்பைவிடச் சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. எனக்குப் பிடித்திருக்கிறது, நெடுஞ்சாலையில் பழக ஒரு நாள் ஆகும். சைடு ஸ்டாண்டில் வண்டி சற்று அதிகமாகச் சாய்ந்து நிற்கும், சரிவான இடத்தில் கவனம் வேண்டும். முகப்பு விளக்கு தரையைப் பார்க்கும், அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். செயினின் தளர்வைக் கட்டாயம் பாருங்கள். ஸ்விங் ஆர்மின் கோணம் மாறினால் பழைய அளவு பொருந்தாது. இன்னொன்று, பின்பக்கம் சரியானதும் முன் சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஃபோர்க்கின் மென்மை பளிச்சென்று தெரிய ஆரம்பிக்கும். பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் ஆழமாகக் குனிகிறது. அடுத்த செலவு அங்கேதான்.

பராமரிப்பு எளிது. பிஸ்டன் ராடில் கல் தெறித்து ஒரு கீறல் விழுந்தால் ஆயில் சீல் போய்விடும் என்பதால் பின் சக்கரத்துக்கும் ஷாக்குக்கும் நடுவே ரப்பர் தடுப்பு ஒன்றைக் கட்டிவைத்திருக்கிறேன். மழைக்காலம் முடிந்ததும் லிங்கேஜுக்குக் கிரீஸ். எண்ணெய் மாற்றுவதை மட்டும் தெருமுனைப் பட்டறையில் செய்யக் கூடாது. உள்ளே வாயு 10 பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் இருக்கிறது, அதைத் திறக்கவும் மீண்டும் நிரப்பவும் அதற்கான கருவி வேண்டும். 25,000 கிலோமீட்டர் வாக்கில் ஒரு சஸ்பென்ஷன் பட்டறைக்கு அனுப்பினேன். வெளியே வந்த எண்ணெய் கறுத்திருந்தது. திரும்பி வந்து மாட்டியபோது புதிதாக வாங்கிய நாளின் பிடிமானம் மீண்டிருந்தது. ஓட்டிக்கொண்டே இருக்கும்போது அந்தத் தளர்வு படிப்படியாக வருவதால் நமக்குத் தெரிவதே இல்லை.

60, 70 கிலோ எடையுள்ளவர், தனியாகவே ஓட்டுபவர், இந்தச் செலவைச் செய்ய வேண்டியதில்லை. லிங்கேஜ் கிரீஸும் சரியான பிரீலோடும் அவருக்குப் போதும். மற்றவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது எடையைக் கூச்சப்படாமல் உள்ளபடி சொல்லுங்கள். உடை, ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் அணிந்து எடைமேடையில் ஏறிப் பார்த்த கணக்கைக் கொடுங்கள். பின்னால் வருபவரின் எடை, ஆண்டில் எவ்வளவு நாள் அவர் உடன் வருகிறார் என்பது, பெட்டிகளின் எடை எல்லாம் வேண்டும். பெட்டிக்குள் வைப்பதை மட்டும் கணக்கிட்டுவிட்டு, பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டமும் காலியாகவே எவ்வளவு எடை என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.