40,000 கொடுத்தேன், கடைசிப் பாட்டுக்கு ஒரு படம்கூட இல்லை

இன்று காலைதான் படங்கள் வந்து சேர்ந்தன. நிகழ்ச்சி முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. கை நடுங்க இதை எழுதுகிறேன். கச்சேரிக்கோ வேறு மேடை நிகழ்ச்சிக்கோ புகைப்படக்காரரைத் தேடிக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து முழுவதும் படியுங்கள். எப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து பாடும் குழு. ஆறு ஆண்டு ஒத்திகைக்குப் பிறகு முதல் முழுநீள நிகழ்ச்சி. எங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்த ஆசிரியருக்கு 78 வயது. மேடையேறுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிவிட்டது. கடைசிப் பாட்டில் மட்டும் எங்களோடு வந்து நிற்பதாக ஒப்புக்கொண்டிருந்தார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் நல்ல புகைப்படக்காரர் வேண்டும் என்று அலைந்தேன்.

புகைப்படக்காரர்களைப் பட்டியலிட்டு, வேண்டியவர்களோடு இணைத்துவிடும் ஓர் இணையதளத்தில் அந்த ஆளைக் கண்டேன். அவர் பக்கத்தில் இருந்த படங்களைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கண்மூடிப் பாடும் ஒருவரின் கழுத்து நரம்பு தெரிகிறது. முரசு அடிப்பவரின் குச்சி நுனியிலிருந்து தெறிக்கும் வியர்வைத் துளி அந்தரத்தில் நிற்கிறது. பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்ற முத்திரை வேறு.

தொலைபேசியில் முக்கால் மணி நேரம் பேசினார். நான் ஏமாந்த இடம் அதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். அவர் பேசியதில் ஒரு சொல்கூடத் தவறு இல்லை. "மேடையில் ஃபிளாஷ் போடவே மாட்டேன் அக்கா, பாடுபவரின் கவனம் சிதறும், விளக்கு அமைத்தவரின் உழைப்பும் வீணாகும்" என்றார். "பாடும்போது தலை அசையும், கை வீசும். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 200இல் ஒரு பங்கைத் தாண்டினால் முகம் கலங்கிவிடும். அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது, அதனால் திறப்பு பெரிதான எஃப் 2.8 லென்ஸ்தான் கொண்டுவருவேன். கேமராவோடு வரும் சாதாரண லென்ஸை முழுவதும் நீட்டினால் எஃப் 5.6 ஆகிவிடும், நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும்" என்று பாடம்போல விளக்கினார். இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் இரண்டு மெமரி கார்டு, ஒன்று கெட்டாலும் மற்றொன்றில் படம் இருக்கும் என்றார். பிறகு, "உங்களுக்கு எந்தப் பாட்டு முக்கியம்?" என்று கேட்டார். ஆசிரியரைப் பற்றிச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த ஒரு படத்துக்காகவே வருகிறேன் அக்கா" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் விழுந்துவிட்டேன். லென்ஸை வாடகைக்கு எடுக்க வேண்டும், இணையதளம் வழியாகக் கட்டினால் பணம் கைக்கு வர நாளாகும், நேரடியாக அனுப்பிவிடுங்கள் என்றார். அன்று இரவே அனுப்பினேன். முன்பணம் அல்ல, 40,000 முழுவதும். ஐந்து பேரும் மாதம் மாதம் எடுத்துவைத்துச் சேர்த்த பணம் அது.

நிகழ்ச்சி அன்று அவர் வரவில்லை. ஓர் இளைஞன் வந்து "அண்ணன் அனுப்பினார்" என்றான். கையில் ஒரே கேமரா, அதில் கேமராவோடு வரும் அந்தச் சாதாரண லென்ஸ். முதல் பாட்டின் மெதுவான தொடக்கத்திலேயே ஃபிளாஷ் பளிச்சிட்டது. பாடிக்கொண்டிருந்தவள் கண்ணை மூடித் தடுமாறியதை மேடையில் நின்றே பார்த்தேன். மூன்றாவது பாட்டு முடிந்ததும் ஆள் அனுப்பி ஃபிளாஷை நிறுத்தச் சொன்னோம். அடுத்து, முன்வரிசையில் இருந்தவர்கள் ஷட்டர் சத்தத்துக்கு முகம் சுளித்தார்கள். அதையும் சொன்னதும் கேமராவை ஓசையில்லாத முறைக்கு மாற்றிக்கொண்டான். நிகழ்ச்சி 25 நிமிடம் தாமதமாகத் தொடங்கியிருந்தது. பேசிய நேரம் முடிந்துவிட்டது என்று, கடைசிப் பாட்டுக்கு முந்தைய பாட்டிலேயே பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். ஆசிரியர் மெல்லப் படியேறி வந்தபோது கேமரா இருந்த இடம் காலியாக இருந்தது.

மறுநாள் அழைத்தேன். "பையனைக் கண்டிக்கிறேன் அக்கா, படங்கள் அருமையாக வந்திருக்கின்றன" என்றார். ஒரு வாரம் கழித்து, படங்களைத் திருத்திக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அடுத்த வாரம் ஹார்ட் டிஸ்க் பழுது. அதற்கடுத்த வாரம் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. அதைக் கேட்டு நான் வருத்தம் தெரிவித்துச் செய்தி அனுப்பினேன், இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது. பிறகு செய்திகளைப் படித்துவிட்டுப் பதில் சொல்லாமல் இருந்தார்.

இணையதளத்துக்கு எழுதினேன். "நாங்கள் இணைத்து வைப்பவர்கள் மட்டுமே. எங்கள் வழியாகச் செலுத்தாத தொகைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று இரண்டு வரி வந்தது. அப்படியானால் அந்த முத்திரை எதற்கு என்று கேட்டேன். கைப்பேசி எண்ணை மட்டும்தான் சரிபார்ப்பார்களாம்! மூன்றாவது முறை எழுதியபோது, என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டதாகத் தானியங்கிப் பதில் வந்தது. என்ன தீர்த்தார்கள்? என் 40,000 எங்கே?

இன்று காலை வந்தவை 61 படங்கள், எல்லாம் கைப்பேசித் திரையளவுக்குச் சுருக்கியவை. கோப்புகளின் விவரத்தைத் திறந்து பார்த்தேன். பாதிப் படங்கள் நொடியில் 30இல் ஒரு பங்கு வேகத்தில் எடுத்தவை. அவர் சொன்னதுபோலவே முகங்கள் கலங்கியிருக்கின்றன. வேகத்தைக் கூட்டி எடுத்தவற்றில் குறுக்கே வரிவரியாகக் கருமை. எல்ஈடி விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிபவை. ஓசையில்லாத ஷட்டர் படத்தை வரிவரியாகப் பதிவதால் அந்தத் துடிப்பு கோடுகளாக விழுந்துவிடுகிறது. மேடை விளக்கு தெரிந்த எவரும் ஒரு சோதனைப் படம் எடுத்துப் பார்த்திருப்பார். சிவப்பு விளக்கில் எடுத்தவற்றில் கண், மூக்கு எதுவும் இல்லை, சிவப்புத் திட்டு மட்டும்தான்.

திருத்திப் பார்க்கலாம் என்று ரா கோப்புகளை, அதாவது கேமரா பதிந்த சுருக்காத மூலக் கோப்புகளைக் கேட்டேன். கார்டை அழித்துவிட்டார்களாம். பணத்தைக் கேட்டதும் என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

அதன்பிறகுதான் அவர் பக்கத்துப் படங்களைப் படத்தேடலில் போட்டுப் பார்த்தேன். இரண்டு நிமிட வேலை. நான் மயங்கிய அந்த இரண்டு படங்களும் வேறொரு நாட்டுக் கலைஞர் எடுத்தவை, அவருடைய சொந்தத் தளத்தில் பெயரோடு இருக்கின்றன. அந்த இரண்டு நிமிடத்தை 40,000 அனுப்பும் முன் நான் செலவழிக்கவில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது மனம் ஓடவில்லை. இவற்றை மட்டுமாவது செய்யுங்கள். பொறுக்கியெடுத்த நான்கு படங்களைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், ஒரே நிகழ்ச்சியின் எல்லாப் படங்களையும் காட்டச் சொல்லுங்கள். வருவது அவரா, அவர் அனுப்பும் ஆளா என்று எழுதி வாங்குங்கள். மணிக்கணக்கு வேண்டாம், 'கடைசிப் பாட்டு முடியும் வரை' என்று எழுதுங்கள். படம் தரும் தேதியும், ரா கோப்புகளை எத்தனை நாள் அழிக்காமல் வைத்திருப்பார் என்பதும் அதிலேயே இருக்கட்டும். முழுப் பணத்தையும் முன்னதாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

நேற்று இரவு ஆசிரியர் அழைத்து, "அந்தப் படம் வந்துவிட்டதா அம்மா?" என்று கேட்டார். நாளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். அன்று அரங்கில் இருந்த யாராவது கடைசிப் பாட்டைக் கைப்பேசியில் எடுத்திருந்தால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு அனுப்புங்கள்.