எமிர்ப் தேட காசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் வாங்கலாமா?

13-ஐத் திருப்பினால் 31, 149-ஐத் திருப்பினால் 941. எல்லாமே பகா எண்கள். எமிர்ப் எனப்படும் இந்த ஜோடிகளைத் தேட இந்தக் கால்குலேட்டர் நன்றாகவே உதவும். பெரிய குறை, எண்ணைத் திருப்பித் தர இதில் பட்டன் கிடையாது.

பாரிமுனைப் பக்கம் வாங்குவதானால் டிகிரி-நிமிடம்-விநாடி பட்டனுக்கு மேலே ‘ஃபேக்ட்’ (எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் வசதி) என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். பழைய 991எம்எஸ்ஸில் அது இல்லை. கடையிலேயே 361 அடித்து, சமக்குறி, ஷிஃப்ட், ஃபேக்ட் என்று அழுத்துங்கள். 19-இன் வர்க்கம் என்று காட்டும். 163 பகா எண்ணாக இருந்தும் எமிர்ப் ஆகாதது இதனால்தான். சமக்குறியை விட்டுவிட்டால் ஃபேக்ட் வேலை செய்யாது. பகா எண் என்றால் அடித்த எண்ணே அப்படியே நிற்கும்.

வம்பெல்லாம் திருப்புவதில்தான். 739-க்கு 937 அடிக்கவேண்டிய இடத்தில் கை தவறி 793 அடித்தால் 13×61 என்று வரும், நல்ல ஜோடி வீணாகப் போகும். திருப்புகிற வேலையையும் கால்குலேட்டரிடமே விட்டுவிடுங்கள். மூன்று இலக்கத்தில் நடு இலக்கம் நகராது; முதல் இலக்கத்திலிருந்து கடைசி இலக்கத்தைக் கழித்து, 99-ஆல் பெருக்கி, எண்ணிலிருந்து கழித்தால் போதும்: 739 − 99×(7−9) = 937. நான்கு இலக்கத்துக்கு 99-க்குப் பதில் 999. கூடவே இரண்டாவது, மூன்றாவது இலக்க வித்தியாசத்தை 90-ஆல் பெருக்கி அதையும் கழிக்கவேண்டும். 1009 இப்படித்தான் 9001 ஆகும்.

எல்லா எண்ணையும் அடித்துப் பார்க்கத் தேவையில்லை. ஓரிலக்க எண்களை விட்டுவிட்டால், முதல் இலக்கம் 1, 3, 7, 9 தவிர வேறாக இருந்தாலே தள்ளிவிடலாம். சென்னைப் பின்கோடுகள் 6-இல் தொடங்குவதால் பெரம்பூர் 600011, ராயபுரம் 600013 எதுவும் தேறாது! 11, 101, 131 திருப்பினாலும் அதே எண்தான், சேர்க்கக்கூடாது. 3-ஆலோ 11-ஆலோ வகுபடாத எண் திருப்பினாலும் வகுபடாது. கவிழ்ப்பது 7, 13, 17 போன்றவை: 103 திரும்பினால் 301, அதாவது 7×43, 109 திரும்பினால் 901, அதாவது 17×53. 1000-க்குள் மொத்தம் 36 எமிர்ப். இரண்டு இலக்கத்தில் 8, மூன்றில் 28. உங்கள் பட்டியல் குறைந்தால் எங்கோ தவறாகத் திருப்பியிருக்கிறீர்கள்.

ஆறு இலக்கம் வரை விடையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். பத்து இலக்கம் வரை ஏற்றுக்கொண்டாலும், மூன்று இலக்கத்துக்கு உட்பட்ட பகாக் காரணிகளைத்தான் இது தேடும். 1018081 அடித்தால் அடைப்புக்குறிக்குள் அதையே காட்டும். உண்மையில் அது 1009×1009. அடைப்புக்குறி வந்தால் பகா எண் என்று எழுதிவிடாதீர்கள். ஏழெட்டு இலக்கத்தில் தேடுகிறவர்கள் இதை வாங்கவேண்டாம், பைத்தானில் நாலு வரி எழுதிக்கொள்ளலாம்.