பூவாறு வள்ளம்: காலை ஆறரைக்குப் போங்கள்

குமரி மாவட்டத்துக் கொல்லங்கோட்டிலிருந்து கேரளத்துப் பூவாறுக்கு ஸ்கூட்டரில் இருபது நிமிஷம்தான். இருந்தும் அங்கே வள்ளத்தில் (படகில்) ஏற எனக்கு நாற்பத்தி நாலு வயதாக வேண்டியிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதை யார் காசு கொடுத்துப் பார்ப்பார்கள்? லீவுக்குக் கோயம்புத்தூரிலிருந்து மைனியும் இரண்டு பிள்ளைகளும் வந்தார்கள். திற்பரப்பு, கன்னியாகுமரி எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் "வேற என்ன இருக்கு?" என்று மைனி கேட்க, வேறு வழியில்லாமல் கிளம்பினோம்.

முதல் தடவை போனது பகல் பதினொன்றுக்கு. அது தப்பு. பூவாறு நெருங்கும்போதே பைக்கில் ஒருவர் துரத்தி வந்து, கையைக் காட்டி ஆட்டோவை நிறுத்தினார். இரண்டு மணி நேரத்துக்கு 3,500 ரூபாய், "லாஸ்ட் ரேட்" என்றார். மைனி பேசியதைக் கேட்டு வெளியூர் என்று முடிவு கட்டியிருக்கிறார். நான் வாயைத் திறந்ததும் 2,500 ஆனது. ஆயிரம் ரூபாய் அப்படி ஒரு நொடியில் கரைகிறது என்றால் மிச்சமும் கரையும்தானே? திரும்பி வந்துவிட்டோம். பிள்ளைகளுக்கு முகம் தொங்கிப்போனது.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா பொழியூர்க்காரி. அவர் சொல்லிவிட்ட ஒரு வள்ளக்காரர் மறுநாள் காலை ஆறரைக்கு வரச் சொன்னார். ஒன்றரை மணி நேரம், ஐந்து பேருக்கு 1,500. சின்ன வள்ளம், பின்னால் மோட்டார், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். ஜாக்கெட்டில் பழைய வியர்வை நாற்றம், அதற்காக ஒரு ஸ்டார் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்ட பிறகுதான் வள்ளத்தை அவிழ்த்தார், அது எனக்குப் பிடித்தது.

கண்டல் (அலையாத்தி) காட்டுக்குள் போகிற அந்த ஒடுக்கமான பாதைதான் இதில் சரக்கு. இரண்டு பக்கமும் தாழையும் கண்டலும் தண்ணீரில் கால் ஊன்றி நிற்கின்றன. வள்ளக்காரர் மோட்டாரை நிறுத்திவிட்டுக் கழி ஊன்றினார். "மிண்டாம இருங்க பிள்ளைகளே" என்றதும், வீட்டில் நான் ஆயிரம் தடவை சொல்லியும் கேட்காதவை கப்பென்று அடங்கின. பத்தடி தூரத்தில் ஒரு வெண்மார்பு மீன்கொத்தி. கிளையிலிருந்து விழுந்தது தெரிந்தது, எழுந்தது தெரியவில்லை. திரும்பப் பார்த்தால் அலகில் ஒரு மீன். அதைக் கிளையில் டப், டப், டப் என்று ஏழெட்டுத் தடவை அடித்து, ஆட்டம் நின்ற பிறகு தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கியது. துணி துவைக்கிற சத்தம் மாதிரியே இருந்தது என்றான் சின்னவன். நீர்க்காகங்கள் சிறகை விரித்து உலர்த்திக்கொண்டிருந்தன. செம்பருந்துகளை எண்ணி ஒன்பதோடு விட்டுவிட்டேன்.

பொழிக்கு வந்தால் வேறு உலகம். நெய்யாறு கடலைத் தொடும் இடம். அகத்தியமலையில் புறப்படுகிற ஆறு இது. இதன் அணையிலிருந்து எங்கள் விளவங்கோடு பக்கத்து வயல்களுக்குக் கால்வாயில் வந்த தண்ணீர் 2004-இல் நின்றது. இங்கே பார்த்தால் கடலுக்குள் தாராளமாகப் போய்க்கொண்டிருக்கிறது. என் அப்பா வந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பார், அதை இங்கே எழுத முடியாது. கோடையில் அலை மணலைக் கொண்டுவந்து தள்ளிப் பொழியை அடைத்துவிடுமாம். மழையில் ஆறு நிறைந்தால் தானாக உடையும், இல்லையென்றால் வெட்டிவிடுவார்களாம். நாங்கள் போனபோது திறந்திருந்தது.

மணலில் இருபது நிமிஷம் இறக்கிவிட்டார். கரை சட்டென்று சரிகிறது, இழுப்பு பலம். குளிக்க வேண்டாம், பிள்ளைகளின் கையை விடவே வேண்டாம். தூரத்தில் ஒரு கன்டெய்னர் கப்பல் அசையாமல் நின்றது. 2024 ஜூலையில் விழிஞ்ஞம் துறைமுகத்துக்கு முதல் தாய்க்கப்பல் வந்ததிலிருந்து இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கப்பல் எண்ணுவது ஒரு விளையாட்டு. அப்புறம் ஒரு குதிரைக்காரர் வந்தார், வேண்டாம் என்றோம், போய்விட்டார்.

திரும்பும்போது எட்டு மணி. எதிரே பெரிய வள்ளங்கள் வரிசையாக, பாட்டுச் சத்தத்தோடு உள்ளே போய்க்கொண்டிருந்தன. அந்த மீன்கொத்தி இருந்த கிளை காலி.

மிதக்கும் ஹோட்டலில் சாப்பிடலாமா என்று மைனி கேட்டார். கரையோரம் நின்று விலைப்பட்டியல் பார்த்தோம். மீனுக்கு விலை போடாமல் "எடைக்கேற்ப" என்று எழுதியிருக்கிற இடத்தில் நான் உட்காருவதில்லை. பொழியூர் பக்கம் வந்து, ஓலைச் சாய்ப்பு போட்ட ஒரு கடையில் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளை மீன் கறியும் வாங்கினோம். மரச்சீனி நன்றாக வெந்து, விரல் வைத்தால் பிரிந்தது. கறி தேங்காய் அரைத்தது, முருங்கைக்காயும் பச்சை மாங்காயும் போட்டது, மேலே எண்ணெய் மெல்லிசாகப் படர்ந்திருந்தது. உறைப்பு கொஞ்சம் கூடுதல். பெரியவள் கண்ணில் தண்ணீரோடு இரண்டாம் தடவை கேட்டாள். ஐந்து பேருக்கு, கட்டன் சாயாவும் சேர்த்து, 430 ரூபாய்.

கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை. பத்தரைக்கு மேல் போனால் மரச்சீனி இருக்காது, வெறும் புரோட்டாதான்.