சொல் நோட்டா, ஆன்கி கார்டா?

வங்கித் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்கள் படிக்க ஆரம்பித்தபோது எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். தினமும் ஆங்கிலப் பேப்பரில் தலையங்கம், தெரியாத சொல்லுக்கு அடிக்கோடு, அப்புறம் நீள நோட்டில் நடுவே கோடு கிழித்து இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அர்த்தம். மூன்று மாதத்தில் 700 சொற்கள் சேர்ந்துவிட்டன. ஒருநாள் ஆரம்பப் பக்கம் ஒன்றைத் திருப்பி வலப்பக்கத்தைக் கையால் மறைத்துப் பார்த்தேன். 25 சொற்களில் 7-தான் ஞாபகம் வந்தது. அந்த வாரமே ஆன்கி என்ற கார்டு செயலிக்கு மாறினேன்.

நோட்டுக்குச் செலவு இல்லை, கையால் எழுதினால் ஸ்பெல்லிங் பதியும், சரி. ஆனால் எழுதிய பக்கத்தை எப்போது திரும்பப் பார்ப்பது என்று நோட்டு சொல்லாது. 2006-இல் வந்த ஆன்கி செயலி அதைத்தான் செய்கிறது. முன்பக்கம் சொல், பின்பக்கம் அர்த்தம் என்று ஒவ்வொன்றையும் ஒரு கார்டாகப் போட வேண்டும். சரியாகச் சொன்ன கார்டு மறுநாள், பிறகு மூன்று நாள், ஒரு வாரம் என்று தள்ளித் தள்ளி வரும், தப்பாகச் சொன்னால் உடனே திரும்ப வந்து நிற்கும். ஆண்ட்ராய்டில் இலவசம், ஐபோனில் காசு.

இதில் பெரிய விஷயம் பராமரிப்புதான். ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு 20 புதுக் கார்டு என்று அதுவாகவே வைத்திருக்கும். நான் மாற்றாமல் விட்டேன். பொங்கலுக்கு ஊருக்குப் போய் ஐந்து நாள் திறக்கவில்லை, திரும்பி வந்தால் மறுபடி பார்க்க வேண்டிய கார்டுகள் 400-க்கு மேல் குவிந்து கிடந்தன. பலர் இந்த இடத்தில்தான் செயலியையே அழித்துவிடுகிறார்கள். நான் புதுக் கார்டை 8-ஆகக் குறைத்தேன், பழையதைப் பத்து நாளில் தீர்த்தேன், இப்போது பஸ்ஸில் 15 நிமிடத்தில் முடிகிறது.

இன்னொன்று, ஆயிரக்கணக்கில் ரெடிமேடாகக் கிடைக்கும் கார்டுகளை இறக்கிக்கொள்ளாதீர்கள், நீங்கள் படித்த வாக்கியத்தையே முன்பக்கம் போடுங்கள். ‘லோன் சாங்ஷன் ஆயிடுச்சு’ என்று நாம் தினமும் சொல்கிறோம், அதனால் அந்தச் சொல்லுக்கு ஒப்புதல் என்ற அர்த்தம் மட்டுமே என் மனசில் இருந்தது. தலையங்கத்தில் ஈரான் மீதான சாங்ஷன்ஸ் என்று வந்தபோது விழித்தேன், அங்கே அது தடை. தனிச் சொல்லாகப் போட்ட கார்டில் ஒவ்வொரு முறையும் தடுமாறினேன். இரண்டு வாக்கியம், இரண்டு கார்டு என்று பிரித்த பிறகு குழப்பமே இல்லை.

வேர்ச்சொல் வழியாகப் படிப்பதும் உதவும், ‘மால்’ (mal) என்று தொடங்கினால் பெரும்பாலும் கெட்டது என்று ஊகிக்கலாம். ஆனால் முழுசாக நம்ப முடியாது: ‘எனர்வேட்’ என்றால் எனர்ஜி தருவது போலத் தோன்றும், அர்த்தம் சோர்வடையச் செய்வது.

வெளிநாட்டில் மேற்படிப்புக்கு எழுதும் ஜிஆர்இ தேர்வை நான் எழுதியதில்லை, அதற்கு இந்த வேகம் போதுமா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. படிக்கும்போது சொற்கள் நன்றாகப் பிடிபடுகின்றன, பேசும்போது இன்னும் பாதிகூட வாய்க்கு வருவதில்லை.