பல நாளாகப் பிரித்து கார் டீடெய்லிங் செய்து தருகிறோம் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்

18,500 ரூபாய். முழுப் பணமும் முன்கூட்டியே, யுபிஐயில். பதிலுக்குக் கிடைத்தது பானெட் விளிம்பில் கட்டைவிரல் அளவுக்கு வெளுத்துப்போன ஒரு திட்டு.

நேற்று மாலைதான் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் செய்தார். சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். புகார் கொடுத்திருப்பதால் கடைப் பெயர் போடவில்லை. கறுப்புச் சுவரும் கூரையில் அறுகோண விளக்குகளுமாக இப்போது சென்னையில் எங்கு பார்த்தாலும் இருக்கிறதே, காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, பூச்சு பூசித் தருகிற அந்த ‘டீடெய்லிங் ஸ்டூடியோ’ வகை. இப்படிப்பட்ட இடத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

எனக்கு மருத்துவமனை லேபில் ஷிஃப்ட் வேலை. காரை இரண்டு மூன்று நாள் கடையில் விட்டுவிட்டு அலைய முடியாது. கறுப்பு கார், தெருவில்தான் நிற்கும். மெட்ரோ வேலை நடக்கிற ரோடு என்பதால் காலையில் துடைத்தால் மதியம் மண் படிந்திருக்கும். போர் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் புள்ளிகள் வேறு. நேரமில்லாதவர்களுக்காகவே ‘நான்கு சிட்டிங் பேக்கேஜ்’ என்று விளம்பரம் பார்த்ததும் போனேன்.

அங்கே நம்ப வைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். மேனேஜர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டி, “மேடம், கையை இதுக்குள்ள விட்டு பானெட்டைத் தடவிப் பாருங்க” என்றார். கழுவித் துடைத்த பானெட்தான், கண்ணுக்குச் சுத்தமாக இருந்தது. கவருக்குள் கையை விட்டுத் தடவினால் உப்புத்தாள் மாதிரி நறநறவென்று இருக்கிறது. அப்புறம் கையில் ஒரு எல்இடி விளக்கைப் பிடித்துக் காட்டினார். வட்டம் வட்டமாகச் சிலந்தி வலை போலக் கீறல்கள். சக்கரத்தில் ஏதோ ஸ்ப்ரே அடித்தார், ஊதாவாக வழிந்தது. “எவ்வளவு இரும்பு ஏறியிருக்கு பாருங்க.” (பிரேக் தூளில் இரும்பு இருக்கும், அது எந்தக் கார் சக்கரத்திலும் ஊதாவாகத்தான் வழியும். நாள் முழுக்க லேபில் நிறம் மாறுவதைப் பார்க்கிற எனக்கே அந்த நேரத்தில் அது பெரிய விஷயமாகத் தெரிந்தது.) காட்டியது எதுவும் பொய்யில்லை. அதுதான் இதில் இருக்கிற சாமர்த்தியம். நோயைச் சரியாகக் காட்டுகிறவனிடம் மருந்தும் இருக்கும் என்றுதானே நினைப்போம்.

முதல் சிட்டிங்கில் வாஷும், பெயின்டில் ஒட்டிய துகளை எடுக்கிற களிமண் கட்டியால் தேய்ப்பதும். இரண்டாவதில் மெஷின் பாலிஷ். மூன்றாவதில் செராமிக் கோட்டிங், அதாவது பெயின்டின் மேல் ஒட்டிக் காய்கிற பாதுகாப்புப் பூச்சு. நான்காவதில் உள்பக்கம். ஒவ்வொன்றும் ஒரு ஞாயிறு காலை மூன்று மணி நேரம். 18,500-ஐ முழுசாகக் கட்டினால் ஹெட்லைட் பாலிஷ் இலவசம். ஜிஎஸ்டி பில் கேட்டதற்கு, “கடைசி சிட்டிங்ல மொத்தமா போட்டுத் தர்றேன் மேடம்” என்று ஒரு கார்டு மட்டும் கொடுத்தார். முதல் நாளே பக்கத்தில் நின்றபடி கூகுளில் ஐந்து ஸ்டார் ரிவ்யூவும் வாங்கிக்கொண்டார்.

இந்தத் திட்டமே தலைகீழ் என்று பிறகுதான் ஒரு டிங்கரிங் ஒர்க்‌ஷாப் பெயின்டர் அண்ணன் விளக்கினார். வேலை வேலையாகப் பிரித்து வாரத்துக்கு ஒன்று செய்யவே கூடாதாம். இந்த ஞாயிறு களிமண் போட்டு வழவழப்பாக்கிய கார், அடுத்த ஞாயிறு வரை தெருவில் நின்றால் மறுபடி தூசி ஏறிவிடும். அதைத் திரும்பக் கழுவாமல் பாலிஷ் மெஷினை வைத்தால் அந்த மண்ணையே பெயின்டில் வைத்து அரைப்பதுதான். என் காருக்கு அதுதான் நடந்தது. ஒரு துணியால் துடைத்துவிட்டு மெஷினை ஓடவிட்டதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். “கழுவலையா தம்பி?” என்று கேட்டதற்கு, “போன வாரமே கழுவியாச்சுக்கா” என்றான் அந்தப் பையன்.

அன்றைக்குக் கார் பளபளவென்றுதான் வந்தது. கீறலை நிரப்பி மறைக்கிற கிளேஸ் பூசியிருப்பார்கள் என்றார் அண்ணன். சில முறை கழுவியதுமே கீறல் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. கூடவே பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் விசிறி விசிறியாக மெஷின் ஓடிய தடமும் தெரிந்தது. மூன்றாவது சிட்டிங்கில் ‘செராமிக்’ பூசி ஒரு மணி நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டார்கள். வழியில் மழை. உண்மையான கோட்டிங் என்றால் ஒரு நாளாவது தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரம் ஷாம்பு போடக் கூடாது. என்னிடம் யாரும் மூச்சு விடவில்லை. பூசியது கோட்டிங்காக இருந்தால்தானே சொல்வார்கள்!

பானெட் விளிம்புதான் வயிற்றெரிச்சல். பெயின்டுக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் பெரும்பாலான கார்களில் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. மடிப்பிலும் விளிம்பிலும் மெஷினை அழுத்திப் பிடித்தால் நொடியில் போய்விடும். அதனால் விளிம்பில் டேப் ஒட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமாம். அண்ணன் போன் டார்ச்சை அடித்து விரலால் தடவிப் பார்த்தார். “இங்க கிளியர் போயிடுச்சும்மா. இனிமே பாலிஷ் போட்டு ஒண்ணும் ஆகாது, திரும்பப் பெயின்ட்தான் அடிக்கணும்.” ஆக 18,500 போனதோடு பெயின்ட் செலவும் என் தலையில்.

கடைக்குப் போன் செய்தால் தினம் ஒரு கதை. மாஸ்டர் ஊரில் திருவிழாவுக்குப் போயிருக்கிறார். மெஷின் சர்வீஸில் இருக்கிறது. உங்க ஏரியா போர் தண்ணி உப்பு மேடம், அதான் கீறல் தெரியுது. (உப்புத் தண்ணீர் புள்ளி வைக்கும், வட்டமாகக் கீறுமா?) நேரில் போய் நின்றபோது மேனேஜர் போனைத் திருப்பிக் காட்டினார்: “நீங்களே அஞ்சு ஸ்டார் போட்டிருக்கீங்களே மேடம்.” சரி, மீதி இருக்கிற உள்பக்க வேலையையாவது முடித்துக் கொடுங்கள் என்றேன். கார்டின் பின்பக்கம் எறும்பு எழுத்தில் ‘செல்லுபடி 45 நாள்’. அந்த நாளெல்லாம் அவர் மாஸ்டர் திருவிழாவில் இருந்த நாள்! 18,500-இல் பாதியாவது கொடுங்கள் என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் பிளாக்.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், நைட் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. சுருக்கமாக எழுதுகிறேன். முழுப் பணம் முன்னாடி கட்டாதீர்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூட வேண்டாம். வேலைக்கு முன் நல்ல வெயிலில் காரைச் சுற்றி வீடியோ எடுங்கள், முடிந்ததும் அதே மாதிரி எடுங்கள். கோட்டிங் பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள். நேரமில்லை என்றால் காரைப் பகுதி பகுதியாகப் பிரியுங்கள்: இன்று பானெட் மட்டும், அதைக் கழுவி, களிமண் போட்டு, பாலிஷ் செய்து, வேக்ஸ் வரை அன்றைக்கே முடித்துவிடுங்கள். இன்னொரு நாள் ஒரு கதவு. கோட்டிங் வேண்டும் என்றால் மட்டும் லீவு போட்டுக் காரை மொத்தமாகக் கடையில் விட்டுத்தான் ஆக வேண்டும்.

நான் 1915-இல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே வழக்குக்குக் கட்டணம் கிடையாது. இதே மாதிரி நான்கு சிட்டிங் கார்டு யாரிடமாவது இருந்தால், பின்பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுத்து இன்பாக்ஸில் அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க உதவும். கடைப் பெயரை மட்டும் கமென்டில் போட வேண்டாம்.