காந்தம் ஒட்டவில்லை என்பதற்காக நம்பிவிடாதீர்கள்

திருகோணமலையில் கடல் பக்கமாக மாடி வீடு கட்டுகிறவர்கள், படிக்கட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதை வாசியுங்கள்.

எங்கள் வீடு உப்புவெளியில், கடற்கரைக்குக் கிட்ட. நடுவில் நின்று மூச்சுவிட ஒரு தளம் வைத்து, திரும்பி ஏறும் கொங்கிரீட் படிதான் எங்கள் எண்ணம். கேற் வேலைக்கு வந்த வெல்டிங்காரர் மனதை மாற்றிவிட்டார். "தம்பி, அதுக்கு ஒரு அறையளவு இடம் போகும். சுழல் படி எண்டா அஞ்சடி காணும், பார்க்கவும் வடிவு." கைபேசியில் படம் படமாகக் காட்டினார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

தரையிலிருந்து மேல்தளத்துக்கு 126 அங்குலம். ஒரு படியின் ஏற்றத்துக்கு 7 அங்குலம் வைத்தால் 18 படி வரும். எஸ்டிமேட்டிலும் 18 என்றுதான் எழுதியிருந்தார். பூட்டி முடித்தபின் எண்ணினால் 14! ஒவ்வொன்றும் 9 அங்குல உயரம். இரும்பு மிச்சம், கூலி மிச்சம், காசு மட்டும் 18க்கு. மிதிக்கும் தகடும் நடுத்தூணுக்குக் கிட்டப் போகப்போகக் கால் விரல்கூட வைக்க முடியாதபடி ஒடுங்குகிறது. அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் நோ. இரண்டு முறை ஏறிவிட்டு, இறங்கும்போது அழுதுவிட்டார். அலுமாரியை நாலு பேர் கயிறு கட்டி பல்கனி வழியாக ஏற்றினோம்.

கைபிடிக்கு 304 என்ற தரத்து ஸ்டெயின்லெஸ், அதாவது துருப்பிடிக்காத இரும்பு, என்றார். அதில் காந்தம் ஒட்டாது என்பது அவர் கணக்கு. காந்தத்தை வைத்து, "ஒட்டுதா பாருங்கோ" என்றார். ஒட்டவில்லை. நம்பினேன்.

மாரி தொடங்கி வாடைக்காற்று அடித்த சில வாரங்களில் தேயிலைச் சாயம் போலப் பழுப்புக் கறை. வேறொரு பட்டறையில் துளி மருந்து விட்டுப் பார்த்தார்கள். 202. நிக்கலைக் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவுச் சாதி. அதிலும் காந்தம் ஒட்டாது என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். உப்புக்காற்றில் 304கூடக் கறைபிடிக்கும், மொலிப்டினம் என்ற உலோகம் கலந்த 316தான் நின்றுபிடிக்கும் என்றார்கள். செய்தவருக்கு எடுத்தேன். "கழுவித் துடையுங்கோ" என்றார். அப்புறம் அழைப்பை எடுக்கவே இல்லை.

தயவுசெய்து, எந்த இரும்பு என்பதை பில்லில் இலக்கத்தோடு எழுதி வாங்குங்கள். படியின் எண்ணிக்கையையும் ஒரு படியின் உயரத்தையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன் கல்லை அந்த உயரத்துக்கு அடுக்கி, வீட்டில் வயது கூடினவரை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். அவர் முகம் சொல்லிவிடும். முழுக் காசையும் படியை எண்ணிய பிறகே கொடுங்கள்.

கைபிடியைக் கழற்றிவிட்டோம். கூடத்து ஓரத்தில் கொங்கிரீட் படிக்குச் சுண்ணாம்பால் அளவு கீறியாயிற்று: 18 ஏற்றம், நடுவில் ஒரு தளம். அதுவரை அம்மாவின் கட்டில் கீழேதான்.