ரூபாவா, பவுண்ஸா? வெளிநாட்டில் அட்டை போடும்போது எதை அழுத்துவது

வெளிநாட்டுக் கடையில் அட்டையை மெஷினில் வைத்தால் சில நேரம் திரையில் இரண்டு தொகை வரும். ஒன்று அந்த நாட்டுக் காசில், மற்றது இலங்கை ரூபாவில். பின்னால் வரிசை நிற்கும்போதே முடிவெடுக்க வேண்டும். லண்டனில் அக்கா வீட்டில் நின்ற காலத்தில் நான் எல்லா இடத்திலும் பவுண்ஸில்தான் கட்டினேன். சென்னைக்குப் போனால் இந்திய ரூபாவில். இனியும் அப்படித்தான் கட்டுவேன். ஆனால் இலங்கை ரூபாவை அழுத்துகிறவர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது.

முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரூபாவில் கட்டினால் எவ்வளவு போனது என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். பவுண்ஸில் கட்டினால் மாற்று விலை கணக்கில் ஏறும் நாளில்தான் முடிவாகும், அதற்கு ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். 2022 மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டபோது, அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டபோது, 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. அப்படியான ஒரு வாரத்தில் ரூபாவை அழுத்தியவர் வென்றிருக்கலாம். சாதாரண காலத்தில் இரண்டு நாளில் ரூபா அவ்வளவு ஆடாது. ஆடினாலும் அது நமக்குச் சாதகமாகவும் ஆடலாம்.

மற்றபடி எல்லாம் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: மாற்று விலையை யார் போடுகிறார்?

பவுண்ஸை அழுத்தினால் விசாவோ மாஸ்டர்கார்டோ போடும். அந்த விலையை அவர்களே தங்கள் இணையத்தளத்தில் காட்டுகிறார்கள், யாரும் போய்ப் பார்க்கலாம். பெரிய வங்கிகள் தங்களுக்குள் மாற்றும் விலையை அது பெரும்பாலும் ஒட்டியே நிற்கும். அதன் மேல் உங்கள் வங்கி ஒரு கட்டணம் வைக்கும், அதுவும் வங்கியின் கட்டணப் பட்டியலில் எழுதியிருக்கும். ரூபாவை அழுத்தினாலோ, விலை போடுவது கடைக்கு மெஷின் கொடுத்த வங்கி, அல்லது இதற்கென்றே இருக்கும் ஒரு மாற்று நிறுவனம். அவர்கள் வைக்கும் லாபத்தில் கடைக்கும் பெரும்பாலும் ஒரு பங்கு உண்டு. யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் நகை வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதில்லை. தங்கப் பவுண் விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான், செய்கூலியும் சேதாரமும் எவ்வளவு என்றுதான் கேட்போம். மெஷின் காட்டும் ரூபாத் தொகையில் சேதாரம் விலைக்குள்ளேயே கலந்து வருகிறது.

கணக்குக்காக ஒரு பவுண்ஸ் 400 ரூபா என்று வைப்போம். சாப்பாட்டு பில் 100 பவுண்ஸ். விசா விலையில் 40,000 ரூபா, உங்கள் வங்கி 3 சதவீதம் எடுத்தால் 41,200. அதே பில்லுக்குக் கடை மெஷின் 6 சதவீதம் ஏற்றி 424 ரூபாப்படி போட்டால் 42,400. ஒரு சாப்பாட்டுக்கு 1,200 ரூபா வித்தியாசம். ஹோட்டல் பில் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

"ரூபாவில் போட்டால் வங்கிக் கட்டணம் இல்லைத்தானே?" என்று கனபேர் கேட்பார்கள். அப்படி நம்ப வேண்டாம். தொகை ரூபாவில் வந்தாலும் கொடுக்கல் வாங்கல் நடந்தது வெளிநாட்டில். எல்லை கடந்து வந்ததற்காக அட்டை நிறுவனங்கள் உங்கள் வங்கியிடம் ஒரு கட்டணம் எடுக்கும், பல வங்கிகள் அதை உங்கள் தலையில் வைக்கும். அப்போது மெஷின் விலையும் போய், மேலே இன்னொரு கட்டணமும் போகும். புறப்பட முன் உங்கள் வங்கிக்கு ஒரு கோல் எடுத்து இதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏடிஎம்மில் இன்னும் கவனம் வேண்டும். காசின் அளவை அழுத்திய பிறகு ஒரு திரை வரும்: மாற்று விலை, ரூபாத் தொகை, கீழே "ஏற்கிறேன்", "மறுக்கிறேன்". மறுத்தால் காசு வராது என்று பயந்து ஏற்பவர்கள்தான் அதிகம். மறுத்தாலும் காசு வரும், மாற்றுவதை மட்டும் உங்கள் அட்டை நிறுவனம் பார்த்துக்கொள்ளும். இதற்கு முன்னால் வரும் ஏடிஎம் கட்டணத் திரை வேறு. அதை மறுத்தால்தான் அட்டை வெளியே வந்துவிடும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பாரிஸ் லாச்சப்பல் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 ஏப்ரலில் இருந்து ஒரு விதி இருக்கிறது. இப்படி மாற்றித் தருகிறவர்கள், ஐரோப்பிய மத்திய வங்கி விலையைவிட எத்தனை சதவீதம் கூடுதலாக எடுக்கிறார்கள் என்று காட்ட வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்த வங்கி நாளாந்தம் வெளியிடும் விலைப் பட்டியலில் இலங்கை ரூபா இல்லை, ஆகவே நம்மவர் அதை நம்பி நிற்க முடியாது. இன்னொன்று, இலங்கை ரூபாவை எல்லா மெஷினும் காட்டுவதில்லை. காட்டாவிட்டால் நல்லது, தெரிவு செய்கிற தலையிடியே இல்லை.

எதிர்ப்பக்கமாக, நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில் இருந்து வருகிற சனத்துக்கும் இதே கதைதான். அக்கா வந்து நின்றபோது ஆஸ்பத்திரி வீதியில் ஒரு ஏடிஎம், பவுண்ஸில் கணக்குப் போட்டுத் தரவா என்று கேட்டது. அவர் மறுத்துவிட்டு ரூபாவாக எடுத்தார். இங்கிலாந்தில் மொன்சோ, ஸ்டார்லிங் போன்ற வங்கிகள் வெளிநாட்டுக் கடைச் செலவுக்குத் தனிக் கட்டணம் எடுப்பதில்லை. அப்படி அட்டை வைத்திருப்பவர் யாழ்ப்பாணத்தில் பவுண்ஸை அழுத்துவது சும்மா காசைக் கொட்டுவதுதான்.

இணையத்தில் வாங்கும்போதும், பேபால் போன்றவை தாமாகவே மாற்றித் தருவதாகச் சொன்னால், விற்பவரின் நாணயத்தில் எடுக்கும் தெரிவைத் தேடுங்கள். டொலர்க் கணக்கோடு இணைத்த அட்டை வைத்திருப்பவர்கள் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதில் ரூபாவை அழுத்தினால் டொலரில் இருந்து ரூபா, ரூபாவில் இருந்து பவுண்ஸ் என்று இரண்டு தரம் மாறக்கூடும். என்னிடம் இருப்பது சாதாரண ரூபாக் கணக்கு அட்டை, அதனால் இந்த வகையில் என் அனுபவம் மெல்லியது.

ஈஸ்ட்ஹாமில் ஒரு தமிழ்க் கடையில் பில் போட்ட தம்பி மெஷினைத் திருப்பிக் காட்டி, "அண்ணா, இலங்கைக் காசில போடவோ, பவுண்ஸில போடவோ?" என்று கேட்டான். இப்படிக் கேட்க வேண்டும் என்பதுதான் விசா, மாஸ்டர்கார்ட் விதி. எல்லாக் கடையிலும் கேட்கமாட்டார்கள், தாங்களே அழுத்திவிட்டுப் பில் துண்டை நீட்டுவார்கள். அதை வடிவாகப் பாருங்கள். ரூபாத் தொகையும் மாற்று விலையும் இருந்து, கீழே பொடி எழுத்தில் தெரிவு உங்களுடையது என்று ஒரு வரியும் இருந்தால், அந்த இடத்திலேயே ரத்துச் செய்து பவுண்ஸில் மறுபடி போடச் சொல்லுங்கள். வெளியே வந்துவிட்டால் அந்த ஒரு வரியையே காட்டி, நீங்கள்தான் ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள்.